மூணு இஞ்ச் போடலாமா? காருக்கு எக்ஸாஸ்ட் குழாயின் விட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் வழி

காரை லிஃப்டில் ஏற்றியதும் பட்டறையில் வரும் முதல் கேள்வி, "எத்தனை இஞ்ச் போடணும் சார்?" அங்கேயே நின்று பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் "மூணு" என்பார்கள். பக்கத்து வண்டியில் மூணு இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருக்காது. பிறகு ஸ்பீடு பிரேக்கரில் உரசும், நெடுஞ்சாலையில் காது அடைக்கும், டைனோவில் (பவரை அளக்கும் மேடை) பழைய எண்ணே வரும். விட்டம் என்பது கடைசியில் கிடைக்க வேண்டிய விடை. வண்டி எங்கே ஓடப்போகிறது, எவ்வளவு பவர், இப்போது அடைப்பு எங்கே, வண்டிக்கு அடியில் எவ்வளவு இடம் என்ற நான்கும் தெரிந்த பிறகு அது தானாகவே வந்து நிற்கும்.

கணக்குக்கு இரண்டு எஞ்சின்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, ஃபோக்ஸ்வாகன் விர்டஸிலும் ஸ்கோடா ஸ்லாவியாவிலும் வரும் 1.5 லிட்டர் டிஎஸ்ஐ டர்போ: 150 பிஎஸ் பவர், 250 நியூட்டன் மீட்டர் டார்க், 7 கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்). இன்னொன்று, டர்போ இல்லாத 1197 சிசி நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்.

1. சாலையா, டிராக்கா: முதலில் இதை முடிவு செய்யுங்கள்

மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ(4)-ன்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒலி, புகை வரம்பை மீறினால் பிரிவு 190(2)-ன்படி 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம். லைசென்ஸும் மூன்று மாதம் பறிபோகும். சைலன்சர் கட்டாயம் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 120. குழாயில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் இவை எதிலிருந்தும் உங்களைக் காப்பாற்றாது.

ஆகவே, சாலையில் ஓடும் வண்டி என்றால் கேட்டலிட்டிக் கன்வெர்டரும் (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம், சுருக்கமாக "கேட்") சைலன்சரும் இல்லாத எந்தத் திட்டத்தையும் இங்கேயே விட்டுவிடுங்கள். மற்ற மாற்றங்களையும் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்ட பிறகே பட்டறைக்குப் போங்கள். மாசுச் சான்றிதழ் சோதனையில், பாரத் ஸ்டேஜ் 4 விதிக்கும் அதற்குப் பிந்தைய விதிக்கும் உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் என்பது வரம்பு. கேட் இல்லாமல் இதில் தேறுவது கடினம். 2,500 ஆர்பிஎம்மில் லாம்டாவும் (காற்றுக்கும் எரிபொருளுக்கும் உள்ள விகிதத்தின் அளவு) 0.97-க்கும் 1.03-க்கும் இடையில் நிற்க வேண்டும். கேட் நன்றாக இருந்தும் இதில் தோற்பவர்கள் உண்டு. எங்காவது ஒரு ஃபிளாஞ்ச் (குழாய்களை போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) கசிந்து வெளிக்காற்றை உள்ளே இழுப்பதுதான் காரணம்.

இன்ஷூரன்ஸ் பாலிசியில் "பயன்பாட்டு வரம்பு" என்ற பகுதியைப் படியுங்கள். பந்தயமும் வேகச் சோதனையும் அதில் விலக்கப்பட்டிருக்கும். அதாவது, இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை செட்டிபாளையத்திலோ டிராக்கில் நடக்கும் சேதம் முழுக்க உங்கள் கணக்கு. பந்தயத்துக்கே என்றால் எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு) லைசென்ஸும், நீங்கள் இறங்கப்போகும் பிரிவின் தொழில்நுட்ப விதிப்புத்தகமும் வேண்டும். சில பிரிவுகளில் எக்ஸாஸ்டை மாற்ற அனுமதி உண்டு, சிலவற்றில் கிடையாது. குழாய் வாங்கிய பிறகு இதைப் படிப்பது பணத்தை வாய்க்காலில் விடுவது போல.

கையில் ஒரு ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள்: ஆர்சி, பாலிசி நகல், வாரன்டி நிபந்தனைகள், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த டைனோ தாள்கள், குழாயின் விட்டம், தடிமன், உலோக வகை மூன்றையும் எழுதிய ஜிஎஸ்டி பில். "எக்ஸாஸ்ட் வேலை – ஒன்று" என்று மட்டும் எழுதிய பில் நாளை எதற்கும் உதவாது.

2. பவரை நேர்மையாக எழுதுங்கள்

விட்டக் கணக்கு முழுவதும் கிராங்க் குதிரைத்திறனை, அதாவது எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டில் கிடைக்கும் பவரை, நம்பியிருக்கிறது. இப்போது இருப்பதை அல்ல, இந்தக் குழாயோடு வண்டி எட்டப்போகும் உச்சத்தை எழுத வேண்டும். டைனோ தாளில் வருவது சக்கரத்தில் கிடைக்கும் பவர். முன்சக்கர வண்டிக்கு அதை 0.85 ஆல் வகுத்தால் கிராங்க் பவர் ஏறக்குறைய கிடைக்கும்.

கனவு எண்ணை எழுதுவதுதான் இங்கே எல்லோரும் விழும் குழி. எஞ்சினை விட்டுவிட்டுக் கியர்பாக்ஸைப் பாருங்கள். நம் எடுத்துக்காட்டு வண்டியில் உள்ள 7 கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜியின் உள்பெயர் டிக்யூ200. அதன் வடிவமைப்பு வரம்பே 250 நியூட்டன் மீட்டர். கம்பெனி மேப்பிலேயே (எஞ்சின் கம்ப்யூட்டரின் அமைப்பு) அந்த வரம்பில் நிற்கும் வண்டி இது. மேப் போட்டு மேல் ஆர்பிஎம்மில் கொஞ்சம் பவர் ஏற்றலாம்; கிளட்சைக் காப்பாற்ற நினைப்பவர் 180 குதிரைத்திறனைத் தாண்டித் திட்டமிட வேண்டியதில்லை. இந்த 180-ஐ எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 300 என்று எழுதினால் மூணு இஞ்ச் வரும். 300 வரவே வராது.

3. அடைப்பு எங்கே என்று அளங்கள்

பெரும்பாலோர் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். இதற்கு ஆகும் செலவு ஒரு கேஜும் அரை நாளும்.

தேவையானவை: 0 முதல் 1 பார் வரை காட்டும் பிரஷர் கேஜ், எம்18 × 1.5 மறை கொண்ட அடாப்டர், அரை மீட்டர் செம்புக் குழாய், அதற்குப் பின் ரப்பர் ஹோஸ். செம்புக் குழாய் இல்லாமல் ஹோஸை நேராக மாட்டினால் முதல் ஓட்டத்திலேயே உருகிவிடும். கேட்டுக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் அடாப்டரை மாட்டுங்கள். முன் சென்சாரில் கை வைக்காதீர்கள். எரிபொருள் கலவையை எஞ்சின் அதைப் பார்த்துத்தான் திருத்திக்கொள்கிறது. அது இல்லாமல் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் என்ன கலவை போகிறது என்றே தெரியாது. பின் சென்சாரைக் கழற்றியதற்கு எஞ்சின் லைட் எரியும். வேலை முடிந்ததும் அந்தப் பிழைக் குறியீட்டை அழித்துவிடலாம்.

டைனோவில் முழு ஆக்ஸிலரேட்டரில் ரெட்லைன் வரை ஓட்டி, மிக அதிகமான அளவைக் குறியுங்கள். 0.1 பாருக்குக் கீழே என்றால் உங்கள் பின்பக்கக் குழாயில் குறை ஒன்றுமில்லை. விட்டத்தைக் கூட்டினால் சத்தம் மட்டும்தான் கூடும். 0.1-க்கும் 0.2-க்கும் இடையில் என்றால் கொஞ்சம் லாபம் உண்டு. 0.2-ஐத் தாண்டினால் மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது.

அளவு அதிகமாக வந்தால் பின் சைலன்சரை மட்டும் கழற்றிவிட்டு, டைனோ மேடையிலேயே மறுபடி அளங்கள். எண் பாதியாகக் குறைந்தால் குற்றவாளி சைலன்சர்தான். குழாய் முழுவதையும் மாற்றத் தேவையில்லை. துளி மட்டும் குறைந்தால் நடுக்குழாயையோ அதன் நசுங்கிய வளைவையோ சந்தேகப்படலாம்.

டர்போ வண்டியில் இந்த எண்ணுக்கு இன்னும் மதிப்பு அதிகம். டர்பைனை (டர்போவுக்குள் புகை சுழற்றும் சக்கரம்) சுழற்றுவது அதன் இரு பக்கத்துக்கும் உள்ள அழுத்த விகிதம். வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து முன்பக்கம் 2.2 பார், பின்பக்கம் 1.3 பார் என்றால் விகிதம் 1.69. பின்பக்கத்தை 1.1-க்குக் குறைத்தால் அதே 2.2-க்கு விகிதம் 2.0 ஆகிறது. டர்போ சீக்கிரம் எழும்புவதும், சிலிண்டருக்குள் பழைய புகை தங்குவது குறைவதும் இதனால்தான்.

4. கணக்கு

100 குதிரைத்திறன் உருவாக்கும் பெட்ரோல் எஞ்சின், முழு ஆக்ஸிலரேட்டரில் வினாடிக்குச் சுமார் 80 கிராம் புகையை வெளியே தள்ளும். 500 டிகிரி செல்சியஸில் அது ஏறக்குறைய 0.18 கன மீட்டர். இதைக் குழாயின் உள்பரப்பால் வகுத்தால் புகையின் வேகம் வரும். நடுக்குழாயில் அந்த வேகம் வினாடிக்கு 125 மீட்டருக்குள் இருந்தால் தாராளம். 145 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் அழுத்த இழப்பு கிடுகிடுவென்று ஏறும்.

பட்டறையில் சொல்லும் இஞ்ச் என்பது குழாயின் வெளிவிட்டம். சுவர் 1.5 மிமீ என்றால் உள்விட்டத்தில் 3 மிமீ போய்விடும். அதைக் கழித்துப் போட்ட கணக்கு இது. முதல் எண் தாராளம், இரண்டாவது எண் எல்லை. இரண்டும் கிராங்க் குதிரைத்திறன்:

2 இஞ்ச் (உள்விட்டம் 47.8 மிமீ, பரப்பு 17.9 சதுர செமீ): 120 – 145
இரண்டே கால் (54.15 மிமீ, 23.0): 160 – 185
இரண்டரை (60.5 மிமீ, 28.7): 200 – 230
3 இஞ்ச் (73.2 மிமீ, 42.1): 290 – 340
மூன்றரை (85.9 மிமீ, 58.0): 400 – 470

நம் 180-க்கு இரண்டே கால் எல்லையை ஒட்டி நிற்கிறது, இரண்டரை தாராளமாக இருக்கிறது. இரண்டரையில் வேகம் வினாடிக்கு 113 மீட்டர்.

"அப்படியே மூணு போட்டுவிட்டால் இன்னும் நல்லதுதானே?" என்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. ஒரே அளவு புகைக்கு, குழாயின் உராய்வு இழப்பு விட்டத்தின் ஐந்தாம் மடிக்குத் தலைகீழாகக் குறையும். 2 இஞ்ச் குழாய் மட்டும் 0.15 பார் தின்கிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டே காலில் 0.08, இரண்டரையில் 0.046, மூன்றில் 0.018. இரண்டிலிருந்து இரண்டரைக்குப் போனதில் மிச்சம் 0.1 பாருக்கு மேல். இரண்டரையிலிருந்து மூன்றுக்குப் போனதில் 0.03-கூட இல்லை. அந்தத் துளிக்காக 4 நூல் உயரத்தையும் கூடுதல் இரைச்சலையும் விலையாகக் கொடுக்க வேண்டும்.

இரட்டைக் குழாய் போடுகிறவர்கள் விட்டங்களைக் கூட்டக் கூடாது, பரப்பைத்தான் கூட்ட வேண்டும். இரண்டு 2 இஞ்ச் குழாய் சேர்ந்தால் 35.8 சதுர செமீ. ஒரு 3 இஞ்ச் குழாயைவிடக் குறைவு.

5. டர்போ இல்லாத எஞ்சின் என்றால்

"பேக் பிரஷர் கொஞ்சம் இருக்கணும், இல்லேன்னா இழுவை போயிடும்" என்று சொல்லாத மெக்கானிக் இல்லை. பேக் பிரஷர் என்பது வெளியேறும் புகையை எதிர்த்துக் குழாயில் நிற்கும் அழுத்தம். கண்ணில் பார்த்தது சரி, சொன்ன காரணம் தவறு. எந்த எஞ்சினுக்கும் பேக் பிரஷர் நல்லது செய்வதில்லை. வால்வு திறந்ததும் வெளியே பாயும் புகை தன் வேகத்தால் பின்னால் ஒரு வெற்றிடத்தை இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுப்புதான் சிலிண்டரைக் காலி செய்கிறது. குழாய் தேவைக்கு மேல் அகலமானால் புகையின் வேகம் குறையும், இழுப்பு தளரும், கீழ் ஆர்பிஎம்மில் வண்டி சோம்பும். ஆக, காக்க வேண்டியது அழுத்தத்தை அல்ல, வேகத்தை.

இங்கே முக்கியமான விட்டம் பின்குழாயில் இல்லை, ஹெடரின் (சிலிண்டர்களிலிருந்து புகையைச் சேர்க்கும் கிளைக்குழாய்த் தொகுதி) ஒவ்வொரு கிளையிலும் இருக்கிறது. ஒரு சிலிண்டரின் சிசியை, உச்ச டார்க் வேண்டிய ஆர்பிஎம்மால் பெருக்கி 2,240 ஆல் வகுங்கள். கிளைக்குழாயின் உள்பரப்பு சதுர மிமீயில் கிடைக்கும். 1197 சிசியில் ஒரு சிலிண்டர் 299. உச்ச டார்க் 4,200-இல் போதும் என்றால் 561 சதுர மிமீ, அதாவது உள்விட்டம் 26.7 மிமீ. டிராக்குக்காக 5,200-க்குத் தள்ள வேண்டும் என்றால் 694 சதுர மிமீ, 29.7 மிமீ. ஒன்றே கால் இஞ்ச் குழாயை 1.2 மிமீ சுவரில் எடுத்தால் உள்விட்டம் 29.35, அது போதும். "ஒன்றரை இஞ்ச் ஸ்டாக் இருக்கு சார்" என்று சொன்னால் வேறு கடை பாருங்கள். ஊருக்குள் ஓட்டும் வண்டிக்கு அது பெருங்கேடு.

பின்குழாய்க்கு மேலே உள்ள பட்டியலே போதும். தாராள எண் சொல்லும் விட்டத்தைத் தாண்டி ஒரு படி மேலே போகாதீர்கள்.

6. டவுன்பைப்

டவுன்பைப் என்பது டர்போவை அடுத்து வரும் முதல் குழாய். டர்போவின் வாயிலிருந்து முதல் அரை மீட்டரில்தான் புகை மிகவும் சூடாகவும் சுழன்றுகொண்டும் இருக்கும். இங்கே மட்டும் கணக்கில் வந்ததைவிட ஒரு படி பெரிதாக எடுக்கலாம். ஆனால் திடீரென்று அகலமாகக் கூடாது. 50 மிமீ வாயிலிருந்து 63.5-க்குப் போகிற கூம்பு, பக்கத்துக்கு 7 டிகிரி சாய்வில் குறைந்தது 55 மிமீ நீளம் இருக்க வேண்டும். ஃபிளாஞ்சில் நேராகப் பெரிய குழாயை வைத்துப் பற்றவைப்பது, அகலமாக்கிய பலனை அந்த இடத்திலேயே கொட்டிக் கவிழ்ப்பது.

கேட்டை ஒரு சதுர இஞ்சுக்கு 400 செல் உள்ளதிலிருந்து 200 செல்லுக்கு மாற்றினால் அழுத்தம் குறையும். பின் சென்சார் அதைப் பார்த்து பி0420 என்ற பிழைக் குறியீட்டைப் போடலாம். சென்சாரைத் திருகி மாட்டும் வளையம் (பாஸ்) குழாயின் மேல்பாதியில், கடிகாரத்தில் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் இருக்க வேண்டும். கீழே வைத்தால் காலையில் குழாயில் தேங்கும் தண்ணீர் சென்சாரின் பீங்கானை உடைத்துவிடும்.

பெரிய டவுன்பைப் போட்டதும் வேஸ்ட்கேட் (உபரிப் புகையை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் கதவு) வழி போதாமல் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) தானாக ஏறிக்கொண்டே போகும் ஆபத்தும் உண்டு. முதல் ஓட்டத்திலேயே பூஸ்டைப் பதிவு செய்யுங்கள். மேப் கேட்பதைவிட 0.1 பார் கூடுதலாக வந்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். மேப் மாற்றாமல் டவுன்பைப் மட்டும் மாற்றி ஓட்டுவது வேண்டாம்.

7. வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்

கணக்கு சொல்லும் விட்டத்தை வண்டியின் அடிப்பாகம் ஏற்றுக்கொள்ள வேண்டும். பெட்ரோல் டேங்க், பிரேக் லைன், ஹேண்ட்பிரேக் கேபிள், டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் பூட் எல்லாவற்றிலிருந்தும் குழாய் குறைந்தது 25 மிமீ தள்ளி இருக்க வேண்டும். டேங்க் பக்கம் வெப்பத் தகடு கட்டாயம். பின் ஆக்ஸிலுக்கு மேல் போகும் வளைவுதான் பெரும்பாலும் இடிக்கும். சஸ்பென்ஷன் முழுவதும் அமுங்கினால் ஆக்ஸில் எவ்வளவு மேலே வரும் என்பதை வண்டி தொங்கும்போது பார்த்தால் தெரியாது. சக்கரத்துக்கு அடியில் ஜாக்கி கொடுத்து ஏற்றிப் பாருங்கள்.

இடம் இல்லையென்றால் கலங்க வேண்டாம். பின்பக்கம் போகப்போகப் புகை குளிர்ந்து சுருங்கும். 300 டிகிரிக்கு வந்துவிட்டால் 100 குதிரைத்திறனுக்கு 0.18 அல்ல, 0.134 கன மீட்டர்தான். நம் 180-ஐ ஆக்ஸிலுக்கு மேல் இரண்டே காலில் விட்டாலும் வேகம் 105 மீட்டர்தான். முன்னால் இரண்டரை, ஆக்ஸிலிலிருந்து இரண்டே கால் என்று முடித்தால் இடமும் கிடைக்கும், உறுமலும் குறையும். "ஃபுல் சிஸ்டம் ஒரே சைஸ்" என்பது விளம்பர வாசகம்.

8. குழாய் வாங்கும்போது

தச்சர் வைத்திருக்கும் டேப் வேண்டாம். தையல்காரர் டேப்பை எடுத்துப் போங்கள். சுற்றளவு 2 இஞ்சுக்கு 159.6 மிமீ, இரண்டே காலுக்கு 179.5, இரண்டரைக்கு 199.5, மூன்றுக்கு 239.4. இப்படி அளக்கக் காரணம் இருக்கிறது. தண்ணீர்க் குழாய்க் கணக்கில் "2 இஞ்ச் என்பி" (நாமினல் போர், பெயரளவு விட்டம்) என்றால் வெளிவிட்டம் 60.3 மிமீ, "இரண்டரை என்பி" 73, "3 என்பி" 88.9. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அவர் பேசும் இஞ்ச் வேறு. வாய்வார்த்தையில் வாங்கினால் வளைவு ஒரு சைஸ், நேர்க்குழாய் ஒரு சைஸ் என்று வந்து நிற்கும்.

உலோகம் எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) 304 என்று கேட்டால், கைப்பிடிக் கம்பிக்கு விற்கும் 202-ஐத் தள்ளிவிடுவது சாதாரணம். காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை: 304, 202 இரண்டிலுமே காந்தம் ஒட்டாது. 409 ரகத்தில்தான் ஒட்டும். மாங்கனீஸ் சோதிக்கும் திரவம் சிறு பாட்டிலில், 9 வோல்ட் பேட்டரியோடு விற்கிறார்கள். ஒரு சொட்டு விட்டு மின்சாரம் கொடுத்தால் 202-இல் சிவக்கும். ஆலைச் சோதனைச் சான்றும் கேளுங்கள். இரண்டரை இஞ்ச், 1.5 மிமீ சுவர் கொண்ட குழாயின் எடை மீட்டருக்கு 2.3 கிலோ, மூன்று இஞ்ச் 2.8 கிலோ. தராசில் வைத்தால் சுவரின் தடிமன் தெரிந்துவிடும். 1.2 என்று சொல்லி 1 மிமீ கொடுப்பதும் அங்கேயே பிடிபடும்.

9. வளைவு, வெல்டிங், ஃபிளெக்ஸ்

மேண்ட்ரல் முறையில் (உள்ளே அச்சுத் தண்டு வைத்து நசுங்காமல்) வளைத்த துண்டுகளை மட்டும் வாங்குங்கள். வளைவின் நடுவில் காலிப்பரை இரண்டு திசையிலும் வைத்து அளந்தால் வித்தியாசம் 2 மிமீக்குள் இருக்க வேண்டும். பிரஸ்ஸில் நசுக்கி வளைத்த இரண்டரை இஞ்ச், வளைவில் இரண்டே கால்கூட இருக்காது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய விட்டம் அங்கே தொலைகிறது. வளைவின் மைய ஆரம் விட்டத்தின் ஒன்றரை மடங்கு (இரண்டரைக்கு 95 மிமீ) இருந்தால் நல்லது.

வெல்டிங் ஆர்கான் வாயுவில்தான். குழாய்க்குள்ளும் ஆர்கான் நிரப்பிப் பற்றவைக்கிறார்களா என்று கேளுங்கள். நிரப்பாவிட்டால் உள்பக்கம் கருகி, சர்க்கரை போலப் பொரிந்து நிற்கும். அது அடைப்பும் ஆகும், நாளடைவில் வெடிப்பும் ஆகும். முதல் மூட்டு முடிந்ததும் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததுக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபிளாஞ்ச் கேஸ்கட்டின் துளையையும் அளங்கள். இரண்டரை இஞ்ச் சிஸ்டத்துக்கு நடுவே 2 இஞ்ச் துளை கேஸ்கட் உட்கார்ந்திருப்பது நாம் நினைப்பதைவிட அதிகம்.

3 மீட்டர் 304 குழாய் 350 டிகிரி சூடேறினால் சுமார் 18 மிமீ நீளும். அதற்கு இடம் வேண்டும். டவுன்பைப்பை அடுத்து, உள்ளே இன்டர்லாக் லைனர் (உள் உறை) உள்ள ஃபிளெக்ஸ் (வளைந்துகொடுக்கும் குழாய்த் துண்டு) ஒன்று போடுங்கள். லைனர் இல்லாதது சீக்கிரம் கிழியும். ஹேங்கர் ரப்பர் கம்பெனி இடத்திலேயே இருக்கட்டும்.

10. சைலன்சர்

வாயில் இரண்டரை, வயிற்றில் இரண்டு என்று விற்கப்படும் சைலன்சர்கள் நிறைய. நேர்வழி வகை என்றால் உள்ளே பார்த்தால் மறுமுனை வெளிச்சம் தெரியும். நூல் கட்டிய பந்தைக் கீழே விட்டால் நுழைய வேண்டும். டேபிள் டென்னிஸ் பந்து 40 மிமீ. அதுவே சிக்கினால் பேச்சுக்கே இடமில்லை.

உறுமலைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நான்கு சிலிண்டர் எஞ்சினின் வெடிப்பு அதிர்வெண் ஆர்பிஎம்மை 30 ஆல் வகுத்தால் வரும். 2,500-இல் 83 ஹெர்ட்ஸ், அதாவது நெடுஞ்சாலை வேகத்தில் தலைக்குள் மொய்க்கும் அந்தச் சத்தம். விட்டம் கூடக்கூட இது கூடும். ரெசனேட்டரில் (இரைச்சலைக் குறைக்கும் கூடுதல் அறை) அடங்கவில்லையென்றால், ஒரு முனை மூடிய பக்கக் குழாய் ஒன்றைப் பற்றவைக்கலாம். 83 ஹெர்ட்ஸுக்கு நீளம் 1.3 முதல் 1.5 மீட்டர், கொஞ்சம் நீளமாக வைத்து, ஓட்டிப் பார்த்து வெட்டிக் குறைக்க வேண்டும். வண்டிக்கு அடியில் அதற்கும் இடம் பார்த்து வையுங்கள்.

11. பணமும் நாளும்

கேட்டுக்குப் பின்னால் உள்ள முழு சிஸ்டம், 304-இல், ரெசனேட்டர், சைலன்சர், ஆர்கான் கூலியோடு சேர்த்து 35,000 முதல் 60,000 ரூபாய் ஒதுக்குங்கள். கேட்டோடு டவுன்பைப் என்றால் இன்னொரு 40,000 முதல் 80,000. மேப்பும் இரண்டு டைனோ அமர்வும் 30,000 முதல் 50,000. இதற்கு மேல் பத்து சதவீதம் தனியாக இருக்கட்டும். ஏதாவது ஒரு பழைய போல்ட் கட்டாயம் முறியும். கொட்டேஷன் வாங்கும்போது ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்று எழுத்தில் வாங்குங்கள்.

பட்டறை வேலை இரண்டு மூன்று நாள். "சாயந்தரம் எடுத்துக்கலாம்" என்பவர் உள்ளே ஆர்கான் நிரப்பமாட்டார். வெளிநாட்டிலிருந்து கேட் வரவேண்டும் என்றால், அது கைக்கு வரும்வரை வண்டியைப் பட்டறையில் விடாதீர்கள். முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம். மீதியை இரண்டாவது டைனோ தாள் வந்த பிறகு கொடுப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள்.

12. மாட்டிய பிறகு

வண்டி குளிர்ந்திருக்கும்போது வெளிக்குழாயைத் துணியால் அடைத்து, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி ஐடிலில் விடுங்கள். குமிழி வந்தால் கசிவு. முதல் 20 நிமிடம் புகையும் எண்ணெய் நெடியும் வருவது இயல்பு. அதற்கு மேலும் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தால் நிறுத்திவிட்டு அடியில் பாருங்கள்.

3-ஆம் படியில் அளந்த அதே துளையில், அதே கியரில் மறுபடி கேஜை மாட்டுங்கள். 0.24 இருந்தது 0.09 ஆகியிருந்தால் வேலை சரி. 0.18-இல் நின்றால் புதிய சிஸ்டத்தில் எங்கோ ஒரு குறுகல் இருக்கிறது. கேஸ்கட், சைலன்சரின் உள்குழாய், கூம்பு என்ற வரிசையில் தேடுங்கள். 200 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாக் கிளாம்பையும் மறுபடி முறுக்க வேண்டும். 1,000-இல் ஹேங்கர் பற்றவைத்த இடங்களில் மயிரிழை விரிசல் பாருங்கள்.

கழற்றிய கம்பெனி சிஸ்டத்தை இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். சென்சார் துளையில் துணி அடைத்து, போல்ட்டுகளைப் பையில் கட்டி அதோடு தொங்கவிட்டு, மேல்தளத்தில் வையுங்கள். வண்டியை விற்கும் அன்றோ வாரன்டி வேலை வரும் அன்றோ அதைத்தான் தேடுவீர்கள்.